நோன்புக்கும் பூசத்துக்கும் நடுவில்

மார்கழி பிறந்துவிட்டால் எங்கள் பக்கம் ஆவாரம்பூவைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள். பிள்ளையார் நோன்புக்கு ஆவாரம்பூ வேண்டும். காரைக்குடிக் கடைத்தெருவில் கொத்துக் கொத்தாக விற்கிறார்கள் என்றாலும் நான் வாங்குவதில்லை. காலையில் நடக்கப் போகிற கண்மாய்க் கரையிலேயே மஞ்சள் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கிறது. பனி சொட்டச் சொட்ட நாலு கொத்து ஒடித்து முந்தானையில் முடிந்துகொண்டு வருவேன்.

"ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ" என்று ஆயா அடிக்கடி சொல்வார்கள். ஆயா என்றால் எங்களுக்கு ஆத்தாவை, அதாவது அம்மாவைப் பெற்றவர். அந்தப் பழமொழியை நம்பி, பூவைக் காயவைத்துக் கஷாயம் போட்டு மூன்று வருடம் குடித்தேன். சர்க்கரை நம் பக்கம் வராது என்று தைரியமாக இருந்தேன். பரிசோதனை மட்டும் செய்துகொள்ளவே இல்லை. அந்தக் கதைக்கு அப்புறம் வருகிறேன். முதலில் நோன்பு.

திருக்கார்த்திகையிலிருந்து இருபத்தோரு நாள் கழித்து, சஷ்டியும் சதயமும் கூடுகிற நாளில் நகரத்தாரான நாங்கள், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், பிள்ளையார் நோன்பு கும்பிடுகிறோம். அது டிசம்பரிலோ ஜனவரி முதல் வாரத்திலோ வந்து விழும். கடல் கடந்து வாணிபம் செய்த காலத்தில் புயலில் சிக்கிய கப்பலில் இருந்தவர்கள், கார்த்திகையிலிருந்து நாள் எண்ணி, கட்டியிருந்த வேட்டியிலிருந்து நூல் எடுத்துத் திரித்து, கையிலிருந்த மாவில் பிள்ளையார் பிடித்து விளக்கேற்றிக் கும்பிட்டதாகக் கதை சொல்வார்கள். கதை எப்படியோ, செய்முறை இன்றைக்கும் அதேதான். புது வேட்டியிலிருந்து 21 இழை நூல் எடுத்துத் திரி திரிக்க வேண்டும். பச்சரிசி மாவும் வெல்லமும் நெய்யும் சேர்த்துப் பிசைந்த இழைமாவைப் பிள்ளையார் மாதிரி சின்னதாகப் பிடித்து, அதில் திரியை வைத்துக் கொளுத்தி, எரிகிற சுடரோடு அப்படியே வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். இதற்குத்தான் இழை எடுத்துக்கொள்வது என்று பேர்.

சின்ன வயதில் அந்தச் சுடரைப் பார்த்தால் பயமாக இருக்கும். வளவில் எல்லோரும் வரிசையாக நிற்போம். பெரியவர்கள் கையிலிருந்து வாங்க வேண்டும். ஆயா என் தாடையைப் பிடித்து, "யோசிக்காதே, வாயை மூடு" என்பார்கள். வாயை மூடியதும் சுடர் அணைந்துவிடும். நாக்கில் சூடு படுகிறதா இனிப்புப் படுகிறதா என்று தெரிவதற்குள் முடிந்துபோகும். பிள்ளைத்தாய்ச்சிகள் இரண்டு இழை எடுத்துக்கொள்வார்கள், வயிற்றில் இருப்பதற்கும் சேர்த்து. என் மகனைச் சுமந்திருந்த வருடம் எனக்கும் இரண்டு கிடைத்தது. பிறக்காத பிள்ளையையும் ஓர் ஆளாகக் கணக்கில் சேர்க்கிற வழக்கம் அது. அதை நினைத்தால் எனக்கு இப்போதும் நெஞ்சு நிறைந்துவிடும்.

கணக்கு என்றதும் புள்ளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நகரத்தார் வழக்கில் கல்யாணமான ஒரு தம்பதி ஒரு புள்ளி. திருவிழா, திருப்பணி, ஊர்ப் பொதுச் செலவு எதுவானாலும் புள்ளிக்கு இவ்வளவு என்று வரி போடுவார்கள். கோடீஸ்வரரும் ஒரு புள்ளிதான், கணக்கு எழுதிப் பிழைப்பவரும் ஒரு புள்ளிதான். அதற்கு மேல் கொடுக்க விரும்புகிறவர்கள் தனியாகக் கொடுக்கலாம். தொழில் செய்தவர்கள் வரவில் ஒரு சிறு பங்கை மகமை என்று தர்மத்துக்காகவே எழுதி வைத்தார்கள். காசியிலும் ராமேசுவரத்திலும் பழனியிலும் நிற்கிற சத்திரங்களுக்குப் பின்னால் இப்படிச் சேர்ந்த பணம் இருக்கிறது.

பெரிய கொடை என்றால் எங்கள் ஊரில் எல்லோரும் வள்ளல் அழகப்பச் செட்டியாரைத்தான் சொல்வார்கள். மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் காரைக்குடிக்கு வர வேண்டும் என்று 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார் அவர். 1948-இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14-ஆம் தேதி, பொங்கல் நேரத்தில், அது திறக்கப்பட்டது. அந்த மதில் சுவரை ஒட்டி நடக்கும்போதெல்லாம் அந்தத் தேதி எனக்கு ஞாபகம் வரும். பொங்கலுக்கு ஊருக்கே ஓர் ஆராய்ச்சிக்கூடத்தைச் சீராகக் கொடுத்தவர் என்று என் மகனிடம் சொல்லியிருக்கிறேன்.

ஆனால் எனக்குக் கொடுக்கக் கற்றுக்கொடுத்தது ஆயாவின் டிரங்குப் பெட்டி. ஆயா முப்பத்து நாலு வயதில் ஐயாவை, அதாவது எங்கள் தாத்தாவை இழந்தவர்கள். துணையை இழந்தவர்களை அரைப் புள்ளியாக எழுதுவது ஊர்களில் பழைய வழக்கம். பாதி வரி கொடுத்தால் போதும் என்பது சலுகைதான். ஆனால் ஒரு மனுஷியைப் பாதி என்று எழுதுவதை நான் என்றைக்கும் ஏற்றுக்கொண்டதில்லை. ஆயா அதைப் பற்றி ஒரு வார்த்தை சண்டை போட்டதில்லை. அவர்கள் போன பிறகு பெட்டியைத் திறந்தபோது, நூல் போட்டுக் கட்டிய ஒரு கத்தை ரசீது இருந்தது. வெளிறிப்போன ரோஸ் காகிதம். ஒவ்வொன்றிலும் "அரைப் புள்ளி" என்று ஒரு வரி, அதற்குக் கீழே அதே தொகை மறுபடியும் "உபயம்" என்று இன்னொரு வரி. வருடா வருடம் இப்படியே. ஆத்தாவிடம் காட்டினேன். ஆத்தா வாங்கிப் பார்த்துவிட்டு, "அவுக இருந்தா முழுசாத்தானே குடுத்திருப்பாக-ன்னு சொல்லுவாக" என்றார்கள். அவ்வளவுதான் சொன்னார்கள்.

ஆயாவிடம் நிலபுலன் ஒன்றும் கிடையாது. தேன்குழலும் சீப்புச் சீடையும் மாவுருண்டையும் கல்யாண வீடுகளுக்குச் செய்து கொடுத்துச் சேர்த்த காசு அது. எண்ணெய்ச் சட்டி முன்னால் உட்கார்ந்து உட்கார்ந்து முன்கையில் முடியே இருக்காது.

சரி, என் கதைக்கு வருகிறேன்.

தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகிற வழக்கம் எங்கள் பக்கத்தில் நானூறு வருடத்துக்கு மேலாக இருப்பதாகச் சொல்வார்கள். குன்றக்குடியில் கூடி, காவடிகளோடு புறப்பட்டு, திருப்பத்தூர், சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாக நடப்பார்கள். 150 கிலோமீட்டருக்கு மேல். நகரத்தார் காவடிக்காரர்கள் பழனியிலிருந்து திரும்பி வருவதும் நடைதான். இப்போது எல்லாச் சமூகத்தாரும், ராமநாதபுரம் கடற்கரைப் பக்கத்திலிருந்துகூட, இந்த வழியாக நடக்கிறார்கள். தை மாதத்தில் அந்த ரோட்டில் நின்றால் ராத்திரி முழுக்க பச்சையும் காவியுமாக ஆள் போய்க்கொண்டே இருக்கும். முதுகுப் பையில் மினுங்குகிற ஸ்டிக்கர், கையில் டார்ச். அரை மைலுக்கு ஒரு பந்தல் இருக்கும். இட்லி, எலுமிச்சைச் சாதம், கேசரி, பால், பிஸ்கட். எந்தப் பந்தலிலும் ஊர், பேர் கேட்க மாட்டார்கள். "சாப்பிட்டுப் போங்க சாமி" என்பது மட்டும்தான்.

ஏழு வருடத்துக்கு முன்னால் எங்கள் தெருக்காரர்கள் சேர்ந்து சிங்கம்புணரி தாண்டி ஒரு பந்தல் போட்டோம். சோறு போட நிறையப் பேர் இருக்கிறார்கள், நாம் கால் பார்ப்போம் என்று ஓய்வுபெற்ற நர்ஸ் அக்கா ஒருவர் சொன்னார். வெதுவெதுப்பான தண்ணீர், வாளி, பழைய வேட்டித் துண்டுகள், பஞ்சு, அயோடின் மருந்து, பிளாஸ்திரி. இவ்வளவுதான் முதல் வருடம். கொப்புளம் வந்த கால்களைக் கழுவித் துடைத்து மருந்து போட்டு அனுப்புவோம். வேண்டுதலுக்காகச் செருப்பில்லாமல் நடக்கிறவர்கள்தான் அதிகம்.

இரண்டாம் நாள் விடியற்காலை நாலு மணி இருக்கும். தேவகோட்டைப் பக்கத்துப் பெரியவர் ஒருவர், அறுபது வயது இருக்கலாம், காவடியை இறக்கி வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். தாகத்துக்கு மோர் கேட்டார், காலைக் காட்டவில்லை. "எனக்குக் காலில் ஒண்ணும் இல்லம்மா, நல்லா நடக்குறேன்" என்றார். துண்டில் ஈரச் சிவப்பாகத் தடம் விழுந்திருந்ததை நான்தான் பார்த்தேன். குதிகாலைத் தூக்கினால், கருவேல முள் ஒன்று அடியோடு ஏறி, மேலே ஒடிந்து நிற்கிறது. சுற்றிலும் வெளுத்து வீங்கியிருந்தது. எப்போது ஏறியது என்று அவருக்குத் தெரியவில்லை. நர்ஸ் அக்கா அவரைக் கண்ணை மூடச் சொல்லி, கால் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டார். "தொடுறது தெரியுதா ஐயா?"

"எங்க தொட்டீங்க?" என்று கேட்டார் அவர்.

பதினைந்து வருடமாகச் சர்க்கரை என்று அப்புறம் சொன்னார். சர்க்கரை கட்டுக்குள் இல்லாமல் வருடக்கணக்கில் ஓடினால் காலில் நரம்புகள் மரத்துப்போகும். வலி தெரியாது. வலி தெரியாததால் புண் தெரியாது, புண் தெரியாததால் அது ஆழமாகிக்கொண்டே போகும். விரலை எடுக்க வேண்டிவருவது பெரும்பாலும் இப்படி ஆரம்பிக்கிற புண்ணால்தான். இதெல்லாம் எனக்கு அன்றைக்குத் தெரியாது. அவர் சொன்ன ஒரு வாக்கியம் மட்டும் என்னை உலுக்கிவிட்டது. "முருகன் வலியே தெரியாமக் கூட்டிக்கிட்டுப் போறான்னுல்ல நெனச்சேன்."

மேலே நடக்க வேண்டாம் என்று அக்கா சொன்னதும் பெரியவர் குலுங்கிக் குலுங்கி அழுதார். அவரோடு வந்த கூட்டத்தில் ஒரு பையன், இருபது வயதுதான் இருக்கும், ஒன்றும் பேசாமல் அவருடைய காவடியை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டான். "பழனியில வந்து வாங்கிக்கங்க தாத்தா" என்றான். அவரை ஆஸ்பத்திரிக்கு வண்டியில் அனுப்பினோம்.

அன்றைக்குப் பொழுது விடிந்ததும் அக்கா பந்தலில் இருந்த எங்கள் எல்லோருக்கும் விரலில் குத்திப் பார்த்தார். எனக்குக் கூடுதலாகக் காட்டியது. ஊருக்கு வந்து ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி பார்க்கிற எச்பிஏ1சி பரிசோதனை செய்தேன். 6.2. 5.7-க்குக் கீழே இருந்தால் இயல்பு, 6.5-ஐத் தொட்டால் சர்க்கரை நோய், நடுவில் இருப்பது எச்சரிக்கை. இந்தியாவில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை, 13 கோடிக்கும் மேற்பட்டவர்கள் என்னை மாதிரி வாசற்படியில் நிற்கிறார்கள் என்று 2023-இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஆய்வு சொன்னது. ஆவாரம்பூவின் மேல் எனக்கு இன்றும் மரியாதை உண்டு. ஆனால் அதைக் குடித்துக்கொண்டு ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போட்டதுதான் நான் செய்த தப்பு. யாராவது இதைப் படித்துவிட்டு நாளைக்கே போய் ஒரு பரிசோதனை செய்துகொண்டால் எனக்குச் சந்தோஷம்.

எங்கள் சாப்பாட்டைப் பற்றியும் நேராகப் பேச வேண்டும். பர்மாவிலிருந்து எங்கள் முன்னோர் கொண்டுவந்த கவுணி அரிசியைச் "சர்க்கரைக்காரர்கள் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம்" என்று விற்கிறார்கள். தவிடு நீக்காத கறுப்பு அரிசி என்பதால் அதில் நார்ச்சத்து உண்டு. ஆனால் நாம் அதைச் செய்வது எப்படி? குழைய வேகவைத்து, சர்க்கரையும் நெய்யும் தேங்காய்ப் பூவும் அள்ளிப் போட்டு. கருப்பட்டிப் பணியாரமும் அப்படித்தான். கருப்பட்டி நல்லது என்று பத்து தின்றால் உடம்புக்குள் போவது சர்க்கரைதான். நான் எதையும் விடவில்லை. பணியாரம் பத்து என்பது இரண்டாகியிருக்கிறது, அவ்வளவுதான். செட்டிநாட்டுச் சமையலில் விருந்துக்கு வெளியே ஒரு பக்கம் இருக்கிறது. அரிசி கழுவிய தண்ணீரில் வைக்கிற மண்டி, தண்ணிக் குழம்பு, பாசிப்பருப்பு போட்ட காய். ஆயா தினமும் சாப்பிட்டது அதைத்தான். தேன்குழல் விற்பதற்கு.

புது வருடத் தீர்மானம் என்று ஜனவரி ஒன்றாம் தேதி எழுதி வைத்தால் எனக்கு நிலைத்ததே இல்லை. இருபத்தோரு நாள் கணக்கு எனக்குப் பிடிபட்டது. வாரத்துக்கு 150 நிமிடம் வேக நடை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அதை ஐந்து நாளாகப் பிரித்தால் நாளுக்கு அரை மணி. நடந்துவிட்டு வந்ததும் பழைய வேட்டி ஒன்றிலிருந்து ஒரு நூல் உருவி, பூஜை அலமாரியில் இருக்கிற குங்குமச் சிமிழில் போடுவேன். நடக்காத நாளில் நூல் இல்லை. இருபத்தொன்று சேர்ந்ததும் திரித்து, சாமி விளக்கில் வைத்து ஏற்றுவேன். சில தடவை இருபத்தோரு நாளில் முடிந்துவிடும், சில தடவை நாற்பது நாள் ஆகியிருக்கிறது. ஆத்தாவுக்கு உடம்பு முடியாமல் போன வருடம் ஒரு திரி மூன்று மாதம் எடுத்தது. விடுபட்ட நாளுக்காக முதலிலிருந்து எண்ணுவதில்லை. சேர்ந்தது சேர்ந்ததுதான்.

போன கார்த்திகையில் பார்த்தபோது 5.8. இன்னும் கொஞ்சம் இறங்க வேண்டும்.

பந்தலிலும் மாற்றம் கொண்டுவந்தோம். லேசில் நடக்கவில்லை. கேசரியை நிறுத்திவிட்டுச் சுண்டல் போடலாம் என்று நான் சொன்னபோது, எங்கள் குழுவில் மூத்த அண்ணன் ஒருவருக்கு வருத்தம் வந்துவிட்டது. "விரதத்தில நடந்து வர்றவுகளுக்கு இனிப்பு இல்லாம எப்படி ஆச்சி கும்பிட்டு அனுப்புறது?" என்றார். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. நாள் முழுக்க நடக்கிறவருக்குத் தெம்பு வேண்டும், மாத்திரை போட்டுக்கொண்டு நடக்கிற சிலருக்குச் சர்க்கரை தாழ்ந்தும் போகும். கேசரி இருக்கட்டும், கரண்டி சின்னதாக இருக்கட்டும், பக்கத்தில் கொண்டைக்கடலைச் சுண்டலும் மோரும் வைப்போம் என்று முடிவானது.

சுக்குமல்லிக் காப்பி இரண்டு ட்ரம்மில் போட்டோம், ஒன்று கருப்பட்டி போட்டது, ஒன்று போடாதது. போடாத ட்ரம்மில் "சர்க்கரை நோயாளிகளுக்கு" என்று அட்டை எழுதித் தொங்கவிட்டோம். முதல் ராத்திரி யாரும் அதைத் தொடவில்லை. மறுநாள் அட்டையை எடுத்துவிட்டு, ஒன்றில் "சுக்குமல்லி, கருப்பட்டி போட்டது" என்றும் மற்றதில் "சுக்குமல்லி" என்றும் மட்டும் எழுதினோம். விடிவதற்குள் இரண்டும் காலி. நாலு பேர் நடுவில் நோயாளி என்ற பெயரோடு வந்து நிற்க யாருக்கும் மனசு வராது. இது முதலிலேயே எங்களுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

இதற்குப் பணம் எங்கிருந்து என்று கேட்பார்கள். நோன்பு அன்று எங்கள் சங்கத்தில் எல்லோரும் கூடி இழை எடுத்துக்கொண்ட பிறகு, பிள்ளையார் முன்னால் வைத்த பொருள்களை ஏலம் விடுவது வழக்கம். உப்பு, மஞ்சள், சர்க்கரை. கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கிற உப்புப் பொட்டலம் ஆயிரக்கணக்கில் போகும். பிள்ளைகளின் படிப்புக்கு ஒதுக்கியது போக ஒரு பங்கு இப்போது கால் பந்தலுக்கு வருகிறது. உப்பை ஏலம் எடுத்த ஒருவர், நாளுக்கு ஐந்து கிராம் போதும் என்கிறார்களே, இது எத்தனை நாளைக்கு வரும் என்று கேட்டு எல்லோரையும் சிரிக்க வைத்தார். எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒரு புள்ளி என்று வைத்து 300 ரூபாய் வசூலிக்கிறோம். கிறிஸ்துமஸுக்குக் கலகலாவும் கேக்கும் கொடுத்தனுப்புகிற எதிர் வீட்டு ஆசிரியை குடும்பமும் அதில் ஒரு புள்ளி. தனியாக இருக்கிற பெண்கள் நாலு பேர் இருக்கிறார்கள். நோட்டில் அவர்கள் பெயருக்கு நேராக முழுப் புள்ளி என்று என் கையாலேயே எழுதுவேன்.

பொங்கல் முடிந்த முதல் செவ்வாய்க்கிழமை நாட்டரசன்கோட்டையில் கண்ணுடைய நாயகி கோயில் முன்னால் செவ்வாய்ப் பொங்கல். ஒவ்வொரு புள்ளியும் அடுப்பு மூட்டி வரிசையாகப் பொங்கல் வைப்பார்கள், முதல் பானை யாருடையது என்பதைச் சீட்டுப் போட்டு எடுப்பார்கள். போன வருடம் அங்கே போய் அந்தப் புகையில் நின்றபோது, வாங்க வேண்டிய சாமான் பட்டியல்தான் மனசில் ஓடிக்கொண்டிருந்தது. அது கழிந்தால் பூசம் பக்கத்தில் வந்துவிடும்.

இந்த வருட நோன்புக்கு ஆத்தாவுக்கு எண்பத்தொன்று. கை நடுங்குகிறது என்பதால் மாவை நானே பிடித்தேன். ஆத்தா வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்கள்.

"சின்னதாப் பிடிச்சிருக்கியே?"

"இந்த அளவு போதும் ஆத்தா. திரி நிக்கணும், அவ்வளவுதானே."

"நிக்குது" என்று சொல்லிவிட்டு வாயில் போட்டுக்கொண்டார்கள்.

பந்தலுக்கு இன்னும் சுக்கு ஐந்து கிலோ வாங்க வேண்டும், வாளி இரண்டு ஓட்டை. இந்தத் தடவை குன்றக்குடியில் புறப்படுகிற இடத்திலேயே கால் பார்த்து அனுப்ப நர்ஸ் அக்கா ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறார். பகலில் உதவிக்கு ஆள் கிடைத்துவிடுகிறது. ராத்திரி இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரைதான் கை போதவில்லை. வர முடிந்தவர்கள் ஒரு நகவெட்டியும் பழைய பருத்தி வேட்டியும் கொண்டு வாருங்கள். தண்ணீர் சூட்டை முழங்கையை விட்டுப் பார்த்த பிறகுதான் வாளியைக் கால் பக்கம் நகர்த்த வேண்டும். மற்றதெல்லாம் அங்கே சொல்லித் தருகிறோம்.